கூரை வழியாக வரமாட்டேன் என்றவர்

என் பெரியப்பா மாரஸுக்கு எங்கள் ஊரான நூகேரியாவில் ஒருவரையும் பிடிக்காது. நூகேரியாவிலும் ஒருவருக்கும் அவரைப் பிடிக்காது. கட்டிய மனைவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் பிறந்தது பொம்பேயில், வெங்காய வியாபாரக் குடும்பத்தில். அவருடைய அப்பா ஓவியுஸ், தாத்தாவும் ஒரு மாரஸ். அந்தத் தாத்தா கழுதையோடு மட்டும்தான் பேசுவார், மனிதர்களோடு பேசமாட்டார் என்று சொல்வார்கள். பெரியப்பா மனிதர்களோடு பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

என் அம்மா பெயர் எபிடியா. பெரியம்மா பெயரும் எபிடியாதான். எங்கள் பக்கம் பெண் பிறந்தால் அப்பனுடைய குடும்பப் பெயரைத்தானே வைப்போம். எத்தனை பிறந்தாலும் அதே பெயர்தான். பெரியவள், சின்னவள் என்று பிரித்துக் கூப்பிட்டுக்கொள்வோம். இருவருக்கும் பின்னால் ஒரு தம்பி பிறந்தார், ஹேரியுஸ். எனக்குத் தாய்மாமன். பெரியவளைப் பொம்பேயில் கொடுத்தபோது இரண்டு ஊரும் நன்றாகத்தான் இருந்தன. ஒரே ஆறு, ஒரே சந்தை. அதற்கப்புறம்தான் அந்தக் கலவரம்.

பொம்பேய் அரங்கத்தில் வாள்சண்டை பார்க்க எங்கள் ஊரே திரண்டு போயிருந்தது. உட்கார்ந்த இடத்தில் கேலி ஆரம்பித்தது. கேலி வசவாகி, வசவு கல்லாகி, கடைசியில் கத்தி வந்தது. ஊர் அவர்களுடையது, அதனால் விழுந்தவர்களில் எங்கள் ஆட்கள்தான் அதிகம். ஹேரியுஸ் மாமாவுக்கு அப்போது மீசை அரும்பிய வயது. முழங்காலில் ஒரு கல் விழுந்தது. அந்தக் கால் அதன் பிறகு மடங்கவே இல்லை. அந்தக் கூட்டத்தில் யார் எறிந்தது என்று யார் பார்த்தார்கள்? ஆனால் மாமாவுக்கு ஒரே பெயர்தான் தெரியும். அடுத்த வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பாவே எல்லார் முன்னாலும் அதைக் கிளறினார்.

"ஏன் மாப்ளே, உன் கால்ல கல்லைப் போட்டது நான்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறியாமே?"

"நீ எறியலையா?"

"எறிஞ்சேன். ஆனா நான் குறி வச்சது உன் தலைக்கு."

அது கேலியா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமா தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து பெரியப்பாவை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேண்டியிருந்தால் 'எங்கக்கா புருஷன்' என்பார். வேண்டாதபோது 'அந்த வெங்காயம்'.

அப்புறம், இருபது வருஷம் கழித்து, பொம்பேய்க்குப் பக்கத்து மலை வெடித்த வருஷம். என் மூத்த மகளுக்குப் பெயர் வைக்கும் நாளுக்காகப் பெரியம்மா நூகேரியா வந்திருந்தாள். பெரியப்பா வரவில்லை. "நூகேரியாக்காரன் பெத்ததுக்கு நூகேரியாக்காரனே பேர் வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம். வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்ததாகப் பெரியம்மா சொன்னாள். அவள் இங்கே இருக்கும்போதுதான் அந்தப் பக்கம் வானம் கறுத்தது. எங்கள் ஊரிலும் சாம்பல் கொட்டியது. மத்தியானத்தில் விளக்கு ஏற்றினோம். அடுப்பில் இருந்த கஞ்சி முழுக்கச் சாம்பல்.

சாம்பல் நின்ற பிறகு அங்கிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முகம் எது, முடி எது என்று தெரியாது, எல்லாம் ஒரே நிறம். எங்கள் ஊரில் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. "சாம்பல்ல குளிச்சும் திமிரு போகுதா பாரு, நடையைப் பாரு" என்று ஜன்னலிலிருந்து கத்தியவர்களை நான் அறிவேன். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று மரியாதையாக இருப்பதால் பெயர் சொல்லவில்லை. பெரியம்மா பாலத்தடியில் நின்று வந்தவர் ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தினாள்.

"வெங்காயக்கார மாரஸைப் பார்த்தீங்களா? நெட்டையா, எல்லார்கிட்டயும் சண்டை போடுற ஆளு."

ஒருவர் மட்டும் நின்று பதில் சொன்னார். "பார்த்தேம்மா. கூரை மேல நின்னு, மலையிலேருந்து வந்து குவிஞ்ச கல்லைத் தள்ளிட்டிருந்தார். என்னைப் பார்த்து 'ஓடுடா கோழை'ன்னு கத்தினார். அதுக்கப்புறம் அந்தத் தெருவுல ஒரு கூரைகூட நிக்கலை."

மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். "கேட்டாச்சுல்லக்கா? வீட்டுக்கு வா."

உடல் கிடைக்காதவர்களுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்கு வெளியே சாலையோரம் வெறும் கல்லறை கட்டி, மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மண் போட்டு, பன்றி பலி கொடுத்து, வீட்டைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டால் சடங்கு முடிந்தது. போனவர் போனவர்தான். மாமா அதில் காட்டிய அவசரத்தை நான் வேறு எந்த வேலையிலும் அவரிடம் பார்த்ததில்லை. கல் அவரே தேர்ந்தெடுத்தார், இருப்பதில் கேவலமானது. பெயரை மூன்று தரம் கூப்பிட வேண்டியது பெரியம்மா. முதல் இரண்டு தரம் ஒழுங்காகக் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் பழக்க தோஷத்தில் "மாரஸ்! காது செவிடா?" என்று கத்திவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. பதிலும் வரவில்லை.

குளிர் முடியும்போது செத்தவர்களுக்குப் படைக்கும் நாட்கள் வந்தன. சாலையோரம் எல்லாக் குடும்பமும் கல்லறைக்கு முன்னால் துணி விரித்து உட்கார்ந்திருந்தோம். மதுவில் நனைத்த ரொட்டி, பயறு, கொஞ்சம் பூ. அப்போது ஆற்றோரமாக ஒரு ஆள் தாடியும் குச்சியுமாக வந்தார். எங்கள் விரிப்பின் ஓரத்தில் கேட்காமலே உட்கார்ந்து ரொட்டியை எடுத்து வாயில் போட்டார். சாலையில் போகிற ஏழைகள் அப்படிச் செய்வது உண்டு, அதனால் நாங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"யாருக்குய்யா இந்தப் படையல்? உப்பே இல்லை."

மாமா தலை நிமிராமல் சொன்னார்: "எங்கக்கா புருஷனுக்கு."

"நல்ல மனுஷனா?"

"நல்ல மனுஷனா இருந்தா உப்பு போட்டிருப்போம்."

"பயறும் வேகலை" என்றார் அந்த ஆள்.

அந்தக் குரலைக் கேட்டதும் என் அம்மா கையிலிருந்த குடத்தைப் போட்டு உடைத்தாள். பெரியம்மா எழுந்து நின்றாள்.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச?"

"நேயாபோலிஸ்ல படகுக்காரன் ஒருத்தன் வீட்டுல கிடந்தேன். நெஞ்சு முழுக்கச் சாம்பல், எந்திரிக்க முடியலை. கழுதைக்காரன்கிட்ட சேதி சொல்லி விட்டேனே?"

நாங்கள் எல்லாரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் ஒரு பயறை எடுத்து மென்றார். "வந்துச்சு" என்றார். "கழுதைக்காரன் பொம்பேய்க்காரன். பொம்பேய்க்காரன் சொல்றதை எவன் நம்புவான்? அதோட கல்லு நட்டாச்சு, பன்னி வெட்டியாச்சு, வீடு கூட்டியாச்சு. அதுக்கப்புறம் ஒருத்தன் உசுரோட இருக்கேன்னு சொல்லி விட்டா நாங்க என்ன பண்றது?"

பெரியப்பா எழுந்து கல்லறையைச் சுற்றி வந்தார். படிக்கத் தெரியாது. விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தார். "இதைவிட மட்டமான கல்லு கிடைக்கலையா மாப்ளே?"

"தேடினேன்" என்றார் மாமா.

பெரியப்பா அங்கிருந்து நேராக மாமா வீட்டுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். பெரியம்மா அந்த நாட்களில் அங்கேதான் தங்கியிருந்தாள். பெரியப்பாவுக்கு முன்னால் ஓடிப்போய் வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றுவிட்டாள்.

எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு மண் போட்ட பிறகு ஒருவன் உயிரோடு திரும்பினால், வாசல் வழியாக வீட்டுக்குள் வரக்கூடாது. கூரை ஏறி, முற்றத்துத் திறப்பு வழியாக உள்ளே இறங்க வேண்டும். வானத்திலிருந்து புதிதாகப் பிறந்து விழுந்த மாதிரி. அப்புறம் அவன் மறுபடியும் மனுஷன். வாசல் வழியாக வந்தால் பிணம் வந்ததாகத்தான் கணக்கு. நாலு நாளில் அதே வாசல் வழியாக அவனை நிஜமாகவே தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும்.

"கூரை வழியா வா. சோறு போடுறேன்" என்றாள் பெரியம்மா.

"நான் என்ன திருடனா? பூனையா?"

"ஏணி எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"அடியே, செத்தேன்னு சொன்னது நீங்க. தப்புப் பண்ணினது நீங்க. கூரை ஏறணும்னா உன் தம்பியை ஏறச் சொல்லு. எனக்கு வாசல் போதும்."

"வாசல் கிடையாது."

"அப்ப நான் செத்தவனாவே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

போனவர் வேறெங்கும் போகவில்லை. தன் கல்லறைக்குப் பக்கத்திலேயே பலகையும் கிழிந்த பாயும் வைத்து ஒரு குடிசை கட்டிக்கொண்டார். அது எங்கள் குடும்ப நிலம். துரத்தப் போனபோது அவர் கேட்டார்: "என் கல்லறையிலேயிருந்து என்னைத் துரத்துவீங்களா? எந்த ஊர் நியாயம் இது?" கல்லறையைச் சுற்றி வெங்காயம் நட்டார். சாலையில் போகிறவர்களைக் கூப்பிட்டு, "இங்க புதைச்சிருக்கிற ஆளு ரொம்ப நல்லவருங்க, நூகேரியாக்காரங்க அடிச்சே கொன்னுட்டாங்க" என்று கதை சொல்வார். தினமும் காலையில் ஊருக்குள் வந்து மாமா வீட்டு வாசலில் நின்று கைதட்டுவார்.

"செத்தவன் வந்திருக்கேன். படையல் எங்கே?"

"படையல் வருஷத்துக்கு ஒரு தடவைதான்" என்று உள்ளேயிருந்து மாமா கத்துவார்.

"அது சும்மா கிடக்குற பொணத்துக்கு. நான் நடக்கிற பொணம், பசிக்குது."

பெரியம்மா கதவைத் திறக்கமாட்டாள். வாசற்படிக்கு வெளியே கிண்ணத்தைத் தள்ளுவாள். அவர் அங்கேயே நின்று தின்றுகொண்டே குறை சொல்வார். கீரை கசக்கிறது, எண்ணெய் காரல், இந்த வீட்டுத் தண்ணீருக்கே நாற்றம். அவள் கதவுக்குப் பின்னால் நின்று பதிலுக்குப் பதில் கொடுப்பாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்குக் கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் போட்ட சண்டையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மாமா பூசாரியிடம் போனார். பூசாரி, "கூரை வழியா வந்தா உயிரோட இருக்கார், வராட்டி இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். மாமாவுக்கு அது போதும். அக்காவை விதவை என்று சொல்லி, ஜாடி செய்கிற ஒரு பெரிய மனிதருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார். அவரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு பார்க்க வந்தார். வாசலில் பெரியப்பா பயறு தின்றுகொண்டிருந்தார்.

"நீங்க யாரு?" என்றார் ஜாடிக்காரர்.

"இவ புருஷன். செத்துட்டேன். நீங்க உள்ளே போங்க, எனக்கொண்ணும் கஷ்டமில்லை. ராத்திரி வந்து பார்க்கிறேன்."

ஜாடிக்காரர் அப்படியே திரும்பிப் போனவர்தான். பெரியம்மா கதவுக்குப் பின்னால் சிரித்தாள் என்று என் மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. நான் கேட்டதெல்லாம் "சனியனே, ஒழிஞ்சு போயேன்" என்று அவள் கத்தியதைத்தான்.

அவளும் தன் பங்குக்கு விடவில்லை. ஒருநாள் அவளே ஏணியைக் கொண்டுவந்து வெளிச்சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியப்பா ஏணியைப் பார்த்தார். தோளில் தூக்கிக்கொண்டு போய் உடைத்து அடுப்பெரித்தார்.

அடுத்த குளிரில் அவர் இருமல் மாறியது. நேயாபோலிஸிலிருந்து கொண்டுவந்த இருமல்தான், ஆனால் இப்போது தெருமுனையில் வரும்போதே கேட்டது. கிண்ணத்தில் பாதி மிஞ்ச ஆரம்பித்தது. குறை சொல்வதும் குறைந்தது. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. குடிசையில் ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் ஈரம். இந்தக் குளிரைத் தாண்டமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

அன்று காலை நான் அங்கே இருந்தேன். பெரியம்மா கதவைத் திறக்காமலே பேசினாள்.

"இதோ பாரு. நீ செத்தா நான் அழமாட்டேன். ஏற்கெனவே அழுதாச்சு. அதனால சாகாதே. கூரை ஏறு."

"ஏறமாட்டேன்."

"என்ன வீம்பு இது? தம்பியை வெளியே போகச் சொல்றேன். யாரும் பார்க்கமாட்டாங்க. பதினஞ்சு படி ஏறினா முடிஞ்சுது. கூரைன்னா உனக்கு அவ்வளவு கேவலமா?"

அவர் வெகுநேரம் இருமினார். பிறகு கதவைக் காலால் ஒரு உதை விட்டார்.

"கூரை, கூரை! நான் கடைசியா கூரை மேல ஏறினப்ப கீழே எங்கம்மா படுத்திருந்தாடி. கல்லைத் தள்ளிடலாம்னு ஏறினேன். என் எடைதான் அதிகமாச்சு. என்னோட சேர்ந்துதான் கூரை உள்ளே விழுந்துச்சு. நான் எந்திரிச்சேன். அவ எந்திரிக்கலை. இப்ப ஏறச் சொல்லு. எங்க, சொல்லு பார்ப்போம்."

நான் அவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து இதைச் சொல்லாமல் பூனை, திருடன் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார். கிண்ணத்தைத் தொடாமல் போய்விட்டார்.

மறுநாள் வழக்கம்போல வந்தார். நடை மெதுவாக இருந்தது. தெருவில் கூட்டம். பக்கத்து வீட்டு ஏணி ஒன்று சுவரில் சாய்ந்திருக்க, மாமா வீட்டுக் கூரை மேல் பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். உடையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டைப் பெயர்த்துத் தெருவில் எறிந்துகொண்டிருந்தாள். மாமா கீழே கைத்தடியை ஆட்டிக் கத்தினார்.

"அக்கா! இது என் வீடு!"

"தெரியும்டா. அதான் எறியிறேன்." ஒரு ஓடு அவர் காலடியில் வந்து உடைந்தது. "அவன் கூரைக்குப் பயப்படுறான். கூரையே இல்லாம பண்ணிட்டா? அப்புறம் இது வீடா, நாலு சுவரா? நாலு சுவத்துக்கு வாசல் என்ன, கூரை என்ன? உன் பூசாரியைக் கூட்டிட்டு வந்து தீர்ப்புச் சொல்லச் சொல்லு!"

"பைத்தியம் பிடிச்சிருச்சு இவளுக்கு" என்றார் மாமா.

பெரியப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். ரத்தமே இல்லை. பெரியம்மா நின்ற இடத்தில் ஒரு சட்டம் முறியும் சத்தம் கேட்டது. பழைய மரம். அவளுக்கும் கேட்டிருக்கும், ஆனால் அவள் நகரவில்லை.

"எறங்குடி!" என்று கத்தினார் பெரியப்பா. "எறங்கு! அது தாங்காது!"

"நீ சொல்லி நான் எதுக்கு எறங்கணும்? நீதான் செத்துட்டியே!"

"எபிடியா! அடியே! காலை நகத்தாதே, சுவத்துப் பக்கம் வா!"

"வரமாட்டேன். வேணும்னா நீ வா."

மறுபடியும் அந்தச் சத்தம். பெரியப்பா ஏணியில் ஏறினார். எப்படி ஏறினார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மேலே போனதும் நாலு காலில் தவழ்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார், வாய் மட்டும் நிற்காமல் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தது. அவளுடைய பாதத்தை எட்டிப் பிடித்துச் சுவர்ப் பக்கம் இழுத்துவிட்டார். அவ்வளவுதான். அதற்குமேல் அவரால் அசைய முடியவில்லை. முற்றத்துத் திறப்பின் விளிம்பில் கவிழ்ந்து படுத்து, இரண்டு கையாலும் உத்தரத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கினார். கால்கள் உள்ளே தொங்கின.

நாங்கள் வாசல் வழியாக முற்றத்துக்கு ஓடினோம். முதலில் போனது மாமா. நொண்டிக் காலோடு அவர் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. திறப்புக்கு நேர் கீழே இருக்கும் தொட்டியின் நடுவில், முழங்கால் அளவு மழைத்தண்ணீரில் நின்று, கைத்தடியால் அந்தக் காலைத் தட்டினார்.

"யோவ், விடு கையை!"

"முடியலை மாப்ளே."

"விடுய்யா! கீழே நான்தான் நிக்கிறேன்."

"நீயா? உன் மேல விழுந்தா உன் இன்னொரு காலும் போயிடும்."

"போனா போகுது, அதையும் உன் கணக்குலயே எழுதிக்கிறேன். விடு!"

மாமா எட்டி ஒரு கணுக்காலைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து தொட்டியில் விழுந்தார்கள். தண்ணீர் சுவர்வரை அடித்தது. முதலில் பெரியப்பா தலையைத் தூக்கினார், இருமினார், மாமாவின் வயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். மாமா மூச்சுத் திணறிக்கொண்டே, எந்தெந்த வார்த்தை தெரியுமோ அத்தனையையும் சொன்னார். பெண்கள் இருந்தார்கள், நான் திருப்பிச் சொல்லவில்லை. மேலேயிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்தாள்.

"விழுந்தானா?"

"விழுந்தார் பெரியம்மா" என்றேன்.

"உசுரோட இருக்கானா?"

"திட்டுறார்."

"அப்ப சரி. யாராவது ஏணியைப் பிடிங்க, எனக்குத் தலை சுத்துது."

பெரியப்பா எழுந்து ஈரத்தோடு நடந்தார். என் மனைவி போர்வை கொண்டுவந்தாள்; வாங்கவில்லை. நேராக வாசலுக்குப் போனார். உள்ளேயிருந்து கதவை அகலத் திறந்தார். தெருவில் நின்ற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். வாசற்படி தாண்டி வெளியே போனார். திரும்பி உள்ளே வந்தார். மறுபடியும் வெளியே போனார், மறுபடியும் உள்ளே வந்தார். ஒவ்வொரு தரமும் கதவை ஒரு குத்துக் குத்தினார். முற்றத்தில் ஓடு பெயர்ந்த இடத்திலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

தொட்டியில் இன்னும் உட்கார்ந்திருந்த மாமாதான் கடைசியில் கத்தினார்:

"வெளியேன்னா வெளியே, உள்ளேன்னா உள்ளே! கதவைச் சாத்துய்யா, குளிருது!"